கொம்பையாவின் அறுபத்து மூன்று

“ஹலோ... ஹலோ... ஆமா, கோவில்பட்டிதான்... கோவில்பட்டி, கோவில்பட்டி... தீப்பெட்டி ஆபீசு நம்பரு... ஆமாம்மா, காலையிலயே சொல்லி வச்ச டிரங்கு கால்தான். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில ராஜமணி டாக்டரம்மா... சரி, சரி, இருக்கேன். நான் எங்க ஓடப் போறேன்.”

கம்பவுண்டர் அபுதாஹிருக்கு டெலிபோன் என்பது கத்த வேண்டிய சாமான். திருநெல்வேலி முப்பத்தைந்து மைல் என்றால் முப்பத்தைந்து மைலுக்குக் கேட்கிற மாதிரித்தான் பேசுவார். ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, முதலாளி பூவனலிங்கத்தின் மேஜைமேல் கிடந்த லேபிள் கட்டுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் சாமான்களைப் பரப்பினார். சாமான் என்றால் பதினாலு தீப்பெட்டி. அத்தனையும் காலிப் பெட்டி. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பெயரும் ஒரு எண்ணும் பென்சிலால் எழுதியிருந்தது.

அது ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மாதம். மெட்ராஸில் கப்பலை விட்டு இறங்கிய ஃப்ளூ, யாரையும் கேட்காமல் ரயிலேறி, சாத்தூர் தாண்டி, கோவில்பட்டிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஊர் டாக்டரே படுத்துவிட்டார். வேலைக்கு வர ஆளில்லாமல் தீப்பெட்டி ஆபீஸைப் பூட்டிய பூவனலிங்கம், குச்சி அடுக்குகிற கொட்டகையைச் சுரக்காரர்களுக்கு விட்டுவிட்டார். பாய் விரித்துப் பதினாலு பேர். முந்தாநாள் திருநெல்வேலியிலிருந்து வந்த ராஜமணி டாக்டரம்மா எல்லோரையும் பார்த்து, அபுதாஹிருக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். சுரத்தைப் பார்க்காதே, மூச்சைப் பார். ஆளை ஒரே மூச்சில் எண்ணச் சொல். எண்ணிக்கை குறைந்தால் நுரையீரலில் சளி இறங்குகிறது என்று அர்த்தம். இன்றைக்கு யார் நன்றாக இருக்கிறார்கள் என்பது கேள்வியில்லை, நாளைக்கு யார் விழப் போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

“ஹலோ, டாக்டரம்மாவா... அபுதாஹிரு பேசுதேன்மா... எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன். எனக்கும் வந்துட்டா இங்கன ஊசி போட நாதியில்லன்னு அதுக்கே தெரிஞ்சிருக்கு, அண்ட மாட்டேங்குது... ஆமா, ஆமா... கட்டிலு காலியாயிருக்கா... ஆக்சிஜன் சிலிண்டரோட... ரெண்டு கெடைக்காதாம்மா... ஒண்ணுதானா... சரி, சரி. ஒண்ணாவது இருக்கே... வண்டியா... வண்டி ரெடி. முதலாளி வேனு வாசல்ல நிக்கி. டிரைவரு முருகன் வெத்தலை போட்டுட்டுத் துப்புததுக்கு எடம் தேடிக்கிட்டு இருக்கான். ஆளை ஏத்த வேண்டியதுதான் பாக்கி... ஆமா, ஒரு ஆளு... யாருன்னா கேக்குதீங்க...”

இங்கேதான் அபுதாஹிரின் குரல் கொஞ்சம் இறங்கியது. யாரை ஏற்றுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும். நாலு நாளைக்கு முன்னால் சாமித்துரை என்ற வண்டிக்காரனுக்கு நேரே ‘லேசு’ என்று இவர் எழுதி வைத்திருந்தார். டீயைக் குடித்துவிட்டு, சீனி அடியிலேயே நிற்கிறது என்று குறை சொன்ன ஆள். மறுநாள் மத்தியானம் ஆள் இல்லை. அதிலிருந்து பென்சிலை எடுத்தாலே அபுதாஹிருக்குக் கை கூசியது. இன்னொரு தடவை தப்பாக எழுதிவிடக் கூடாது என்ற பயத்தில் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

“சொல்லுதேன்மா. நான் நல்லா யோசிச்சுட்டேன். இசக்கியம்மாள்னு ஒரு பிள்ளை, பத்தொம்பது வயசு, இங்கனயே பெட்டி கட்டுத பிள்ளைதான். அதை அனுப்பிருவோம்... சுரம் நூத்தி நாலு. ராத்திரியெல்லாம் ஒரே பொலப்பம். அதோட ஆத்தா பத்திரகாளி இருக்காளே, மக ஒரு மொனகல் மொனகுனா இவ பத்து மொனகல் மொனகுதா... எண்ணிக்கையா? எண்ணச் சொன்னேன்மா. பன்னெண்டு. பன்னெண்டோட நின்னுபோச்சு... ஆமா, நீங்க பதினஞ்சுக்குக் கீழன்னா சொல்லுன்னீங்கள்லா? அதான் சொல்லுதேன்...

“மத்தவங்களா... வாசிக்கேன். இதா, பெட்டி முன்னாலதான் இருக்கு. வெயிலம்மாள், பன்னெண்டு. ராசாத்தி, பன்னெண்டு. பேச்சி... பன்னெண்டு. ஆயிஷா பீவி, பன்னெண்டு. மாடத்தி, அவளும்... பன்னெண்டுதான். காளியம்மாள்... ஆமாம்மா. அவளும்... ஆமா, மொத்தம் ஏழு பொம்பளை ஆளு, ஏழுக்கும் பன்னெண்டு... இல்ல, நான் ஒண்ணைப் பாத்து ஒண்ணு எழுதலை. அல்லா அறிய ஒவ்வொருத்தி பக்கத்துலயும் உக்காந்துதான் கேட்டேன். பொம்பளை ஆளுக்கு மூச்சு அவ்வளவுதான் போலன்னு நெனச்சேன்... ஏன்மா சிரிக்கீங்க... இல்ல, எங்க வீட்டுக்காரி ஒரே மூச்சுல ஒரு மணி நேரம் ஏசுவா, அது வாஸ்தவம்தான்... ஆமா, அதை நான் யோசிச்சிருக்கணும்.”

எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பூவனலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேனைக் கொடுத்தவருக்கு அது எப்போது கிளம்பும் என்று தெரிய வேண்டாமா? அபுதாஹிர் அவரைப் பார்த்துக் கையமர்த்தினார்.

“என்ன சொல்லி எண்ணச் சொன்னேனா... சாதாரணமாத்தான் சொன்னேன். பதறாதீங்க, வழக்கமா நீங்க எப்படி எண்ணுவீங்களோ அப்படியே எண்ணுங்க, ஒரே மூச்சுல எண்ணுங்கன்னேன்... ஆமா, அதே வார்த்தைதான்... பன்னெண்டுல நின்னப்ப இரைச்சதாவா... இரைக்கலையே. டக்குன்னு நிறுத்திட்டு என் மூஞ்சியைப் பாத்தாளுக... எல்லாருமே அப்படித்தான்... அவளுக வேலையா? தீப்பெட்டி கட்டுதது. எண்ணி எண்ணி வச்சுத் தாளைச் சுத்தி ஒட்டி... டஜன் டஜனாத்தாம்மா கட்டுவாளுக... டஜன்னா பன்னெண்டு... ஐயையோ.”

அபுதாஹிர் நெற்றியில் ஓர் அறை அறைந்துகொண்டார். இவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை டாக்டரம்மா கேட்டுவிட்டார். கொட்டகைப் பக்கத்து ஜன்னல் மேஜைக்கு நேரே இருந்தது. ரிசீவரை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு அவர் ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

“ஏட்டி இசக்கி. ஏட்டி, முழிச்சிருக்கியா... அங்கனயே கெட, எந்திரிக்காத. நேத்து நான் எண்ணச் சொன்னேன்லா, ஏன் பன்னெண்டுல நிறுத்துன... ஒரு கட்டு முடிஞ்சுதுன்னா... பெறகு திரும்ப ஒண்ணுல இருந்தா... நல்லாச் சொன்ன போ. ஏட்டி, இப்போ கட்டும் கெடையாது, பெட்டியும் கெடையாது. மூச்சை நல்லா இழுத்துக்கோ. தம் முட்டுத வரைக்கும் எண்ணிக்கிட்டே போ... பத்திரகாளி, நீ சும்மா இரு, நான் அவளத்தான் கேட்டேன்... ம், எண்ணு.”

ரிசீவரை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். வயர் எட்டின மட்டும் நீட்டி, அதற்குமேல் தானே பாதி உடம்பை வெளியே விட்டார். முதலாளி மேஜையில் இருந்த மைக்கூடு சாய்ந்து, பூவனலிங்கம் அதைப் பிடிக்கப் பாய்ந்தார். கொட்டகையில் இசக்கியம்மாள் படுத்த வாக்கில் எண்ணினாள். மற்ற ஆறு பெண்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“முப்பத்தி ரெண்டு... முப்பத்தி மூணு... முப்பத்தி நாலு... டாக்டரம்மா, கேட்டீங்களா? முப்பத்தி நாலு. அதுக்கு மேல அவ ஆத்தா குறுக்க வந்து என்னைய ஏசுததுக்கு ஆரம்பிச்சுட்டா, இல்லன்னா இன்னும் போயிருப்பா... நகமா? ஏட்டி, கையைத் தூக்கிக் காட்டு... நல்லா ரோசாப்பூவாட்டம் இருக்கும்மா... காலையில கஞ்சி குடிச்சா. கருவாடு கேட்டா, நான்தான் குடுக்க வேண்டாம்ட்டேன்... அப்போ இவளுக்கு ஒண்ணுமில்லயா... சுரம் மட்டுந்தானா... அல்ஹம்துலில்லா. ஏழு பொம்பளைகளையும் நான் பாட்டுக்கு முக்கால் பொணமாக்கி வச்சிருந்தேனே... ஆமா, திரும்ப எண்ணச் சொல்லுதேன். எல்லாரையும் சொல்லுதேன்.”

அவருக்கு ஒரு பாரம் இறங்கியது. இசக்கியம்மாளின் பெட்டியில் பன்னிரண்டை அடித்து முப்பத்து நாலு என்று எழுதினார். எழுதும்போது கை கூசவில்லை.

“ஹலோ... யாரும்மா குறுக்க... மூணு நிமிசம் ஆயிட்டா? ஆனா ஆயிட்டுப் போகுது, இன்னொரு மூணு போடும்மா... போட்டுக்கிட்டே இரு தாயி, நான் போதும்னு சொல்லுதேன். இங்கன உசிரு விசயம் பேசிக்கிட்டு இருக்கோம்... ஆ, சரி, சரி. நல்ல பிள்ளை... டாக்டரம்மா, இருக்கீங்களா? எக்ஸ்சேஞ்சுப் பிள்ளை... பரவாயில்ல, நல்ல பிள்ளைதான்.

“இப்போ ஆம்பளை ஆளுகளா... ஏழு பேரு. இருபத்தி ரெண்டு. இருபத்தி நாலு. பத்தொம்பது, அவரு கெழவரு, சும்மா இருக்கும்போதே பத்தொம்பதுதான் இருக்கும்னு அவரே சொல்லுதாரு. பெறகு ஒரு இருபத்தாறு, ஒரு இருபத்தஞ்சு, இன்னொரு இருபத்தி ரெண்டு... ஆமா, யாரும் பதினஞ்சுக்குக் கீழ இல்ல... ஏழாவதா? ஏழாவது கேக்கவே வேண்டாம்மா. முப்பத்தி ஒண்ணு. ஆம்பளை ஆளுகள்ல அவியதான் பஸ்ட்டு. கொம்பையா அண்ணாச்சி. அவியளை இன்னிக்கு வீட்டுக்கு விட்டுரலாம்னு இருக்கேன். சந்தை நாளு, மண்டிக்குப் போகணும்னு காலையில இருந்து என் உயிரை எடுக்காவ. இந்தா, சொல்லும்போதே வந்து நிக்காவ பாருங்க, ஆயுசு நூறு.”

வாசலில் கொம்பையா நின்றார். கொட்டகையிலிருந்து ஆபீஸ் அறைக்கு நாற்பது எட்டு தூரம் இருக்கும். நிலையில் ஒரு கையை ஊன்றியிருந்தார். முகத்தில் எப்போதும் உள்ள சிரிப்பு. தானிய மண்டியில் முப்பது வருஷமாக அளவுக்காரர். அபுதாஹிரின் பக்கத்து வீடு. நோன்புக் காலத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோடு முதல் ஆளாக நிற்கிற இந்து அவர்தான். கஞ்சியில் உப்புக் கம்மி என்று பாங்கு சொல்கிற மோதினாரிடமே சொல்கிற ஒரே ஆளும் அவர்தான்.

“வாரும் அண்ணாச்சி, வாரும். போன்ல டாக்டரம்மாதான். உம்ம பேரைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்... இரும்வே, கேட்டுச் சொல்லுதேன்... ஆமா டாக்டரம்மா, இவியதான்... நல்லாத்தான் நிக்காவ. சிரிக்காவ. முதலாளியோட மீசையைப் பத்தி ஏதோ சொல்லுதாவ... சுரமா? நூறுகூட இல்ல. அதனாலதான் வீட்டுக்கு அனுப்பிருவோமான்னு... நிமிசத்துக்கு எத்தனை மூச்சா... அதும்மா... அது எண்ண முடியலை... இல்ல, நான் மறக்கலை. அவிய பேச்சை நிறுத்துனாத்தானம்மா மூச்சை எண்ண முடியும்? பேசிக்கிட்டே இருக்காவ. நான் ஒரு குத்துமதிப்பா இருபதுன்னு போட்டுட்டேன்... தப்புதாம்மா. தப்புதான்.

“நகம் பாத்தேன். நீலம்தான்... இல்ல இல்ல, பயப்படாதீங்க, அது மார்க்கு நீலம். மண்டியில மூட்டைக்கு நீலத்துல மார்க்கு போடுவாவ. இவிய நகம் வருசம் முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளும் நீலந்தான்... கடைசியா எப்ப மார்க்கு போட்டாவன்னா? அண்ணாச்சி, நீரு மண்டிக்குப் போயி எத்தனை நாளாச்சு... எட்டு நாளாம்மா... ஆமா... எட்டு நாளா இருக்குமா அந்த நீலம்...”

பூவனலிங்கம் மீசையைத் தடவுவதை நிறுத்திவிட்டார். அபுதாஹிர் கொம்பையாவின் முகத்தை இப்போதுதான் பார்ப்பது போலப் பார்த்தார்.

“அண்ணாச்சி, நாக்கை நீட்டும்... விளையாட்டு இல்ல, நீட்டும்... டாக்டரம்மா, நாக்கு... நாவப்பழம் தின்ன மாதிரி இருக்கு... நாவப்பழம் திங்கலை. கேட்டுட்டேன். திங்கலையாம்...”

நாக்கால் யாரும் மூட்டைக்கு மார்க்கு போடுவதில்லை. 

“ஆனா முப்பத்தி ஒண்ணு எண்ணினாவளேம்மா. ஆம்பளை ஆளுக எல்லாரையும்விடக் கூட... அவிய வேலை சொன்னேனே, அளவுக்காரரு. மரக்காலால அளந்து போடுதது, அடுக்குன மூட்டையை எண்ணுதது... அதுல ரொம்பப் பேரு வாங்கினவுகம்மா. ஒண்ணுன்னு ஆரம்பிக்க மாட்டாவ, அபசகுனம். லாபம்னுதான் ஆரம்பிப்பாவ. லாபம், ரெண்டு, மூணுன்னு... நடுவுல மூச்சு விட்டா எண்ணிக்கை தப்பிரும்னு சொல்லி ஒரே தம்முல எண்ணிருவாவ. போன மாசம் கடம்பூர்ல இருந்து கொத்தமல்லி மூட்டை வந்துது, விரலை நீட்டிக்கிட்டு எண்ணினாவ, நானே பக்கத்துல நின்னு பாத்தேன்... எத்தனை மூட்டையா...”

அவர் கொம்பையாவின் பெட்டியைக் கையில் எடுத்து, முப்பத்தொன்றைப் பார்த்தார்.  கொட்டகையில் பத்திரகாளி இன்னமும் ஏசிக்கொண்டிருந்தாள்.

“அறுவத்தி மூணு.

“ஆமாம்மா. அறுவத்தி மூணு மூட்டை. ஒரே மூச்சு... ஆமா. பாதிதான். இப்போ பாதிகூட இல்ல... நான் அதை நெனைக்கவே இல்லையேம்மா. கூட எண்ணினாவன்னு கையைத் தட்டுனேன். பீடி இருந்தா குடுத்திருப்பேன், அந்த லெச்சணத்துல இருந்தேன்.”

அபுதாஹிருக்கு மனசு விட்டுப் போயிற்று. மற்ற ஆண்களின் கணக்கில் முப்பத்தொன்று முதல் பரிசு. கொம்பையாவின் கணக்கில் அது பாதி ஆள் போய்விட்ட கணக்கு. சாமித்துரையின் டீ டம்ளர் அவர் கண் முன்னால் வந்து நின்றது. பெஞ்சை இழுத்து, கொம்பையாவைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“சொல்லுங்கம்மா, செய்யுதேன்... சரி... சரி... அண்ணாச்சி, ஒரு காரியம் செய்யணும். ஒரு நிமிசம் பேசக் கூடாது... ஒரே ஒரு நிமிசம்... அதைத்தான் சொல்லுதேன், பேசாதீரும்... கஷ்டந்தான். உமக்கு இது ஆபரேசனைவிடக் கஷ்டம், எனக்குத் தெரியும். முதலாளி, உங்க கடியாரத்தைக் கழத்துங்க.”

பூவனலிங்கம் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். கொம்பையா வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அந்த மனுஷர் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்ததைக் கோவில்பட்டியில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பேச்சு நின்றதும்தான் தெரிந்தது. கழுத்துக்குழி உள்ளே இழுத்து இழுத்து வந்தது. விலா எலும்பு சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இத்தனை நேரமும் பேச்சுதான் அதை மூடி வைத்திருந்தது.

“முப்பத்தி ஏழு, டாக்டரம்மா. ஒரு நிமிசத்துக்கு முப்பத்தி ஏழு... ஆமா, நடந்துதான் வந்தாவ, நாப்பது எட்டு. வந்து உக்காந்தாச்சு, ஆனா மூச்சு இன்னும் அமரலை... எண்ணவா? சரி. அண்ணாச்சி, மறுபடியும் எண்ணும். இந்தா, இதுக்குள்ள எண்ணும், டாக்டரம்மா கேப்பாவ... லாபத்துலயே ஆரம்பியும்வே, யாரு வேண்டாம்னா.”

ரிசீவரைக் கொம்பையாவின் வாயருகே வைத்தார். கொம்பையா மண்டியில் நிற்கிற மாதிரி ஆள்காட்டி விரலை நீட்டி, சுவரில் சாத்தி வைத்திருந்த குச்சி மூட்டைகளைப் பார்த்துத் தொடங்கினார். விரல் நன்றாகத்தான் போயிற்று. பதினாலில் குரல் மெலிந்தது. பதினேழில் விரல் அந்தரத்தில் நின்றது. இருமல் வந்து ஓய்ந்தபின் நிமிர்ந்து, அப்போதும் சிரித்தார்.

“பதினேழு... கேட்டீங்களா... ஆமா. ஆமா. அறுவத்தி மூணுல இருந்து பதினேழு... புரியுதும்மா. இவியதான்... உடனே... ஆமா, இப்பவே... நடக்க விடக் கூடாது... உக்கார வச்சுத்தான் கொண்டுவரணும், படுக்க வைக்கக் கூடாது... ஜன்னலைத் திறந்து வைக்கணும்... சரி, சரி. ஒண்ணொண்ணாச் செய்யுதேன். லைன்லயே இருங்கம்மா.

“முதலாளி, கொம்பையா அண்ணாச்சிதான். வண்டியை வாசப்படிக்கே கொண்டுவரச் சொல்லுங்க... இசக்கி இல்ல, இவியதான்... ஆமா, சிரிக்கிறவியதான்.

“அண்ணாச்சி, நீரு திருநெல்வேலிக்குப் போறீரு... சந்தை கெடந்துட்டுப் போகுது... அளக்க உம்ம தம்பி இருக்கான்லா... அவன் கூடக்குறைய அளந்துருவானா? சரி, கூடக்குறையத்தான் அளப்பான், ஒரு நாளு அளந்துட்டுப் போறான், ஊரு அழிஞ்சுறாது... வே, என்னையப் பாரும். சிரிக்காதீரும். இப்படித்தான் சாமித்துரையும் சிரிச்சுக்கிட்டு இருந்தான். நான் லேசுன்னு எழுதினேன்... ஆமா, நான்தான் எழுதினேன், யாருக்கும் சொல்லலை. உமக்கும் அப்படி எழுதி வச்சிருந்தேன். இந்தா பாரும், உம்ம பெட்டி, ‘வீட்டுக்கு’ன்னு எழுதியிருக்கு பாரும்... எனக்கு இன்னொண்ணு தாங்காது அண்ணாச்சி. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

கொம்பையா அந்தப் பெட்டியை வாங்கிப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் எண் தெரியும். முப்பத்தொன்று என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன்னுடைய எண்ணிக்கை அதுவல்ல என்று அவருக்கே புரிந்த மாதிரி, பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு சந்தைப் பேச்சை எடுக்கவில்லை.

“வாராவ, டாக்டரம்மா. ஒத்துக்கிட்டாவ... நடக்கலை, நடக்க விடலை. முதலாளி நாற்காலியோட தூக்குதோம்... ஆமா, முதலாளி உக்காருத நாற்காலிதான், கை வச்சது... அவியளே ஒரு பக்கம் பிடிக்காவ... பைய, பைய. நிலையில இடிச்சுராதீங்க... அண்ணாச்சி, நீரு உத்தரவு போடாதீரும், பேசாதீரும், மூச்சைச் சேத்து வையும்... முதலாளி நாற்காலியில உக்காந்ததும் மனுசனுக்கு முதலாளி தோரணையே வந்துட்டும்மா.”

பூவனலிங்கம் ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமுமாக நாற்காலி வாசல் தாண்டிப் போனது. ஜன்னல் வழியே ஏழு பெண்களும் பார்த்தார்கள். பத்திரகாளிகூட வாயை மூடிக்கொண்டாள். அபுதாஹிர் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஒரு புதுக் காலிப் பெட்டியை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டார்.

“டாக்டரம்மா, ஒண்ணு சொல்லணும். உங்களுக்கு நான் சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்லுதேன்... அங்கன நர்சம்மா யாராவது எண்ணச் சொல்லுவாவ. முப்பது, முப்பத்தஞ்சு வந்துட்டா, நல்லா இருக்குன்னு நெனச்சுருவாவ, நான் நெனச்ச மாதிரி... ஆமா, அதான். அவியளுக்கு அவிய எண்ணிக்கைதான் அளவு. ஊரு எண்ணிக்கை ஆகாது... ஒரு பெட்டியில எழுதி அவிய சட்டைப் பையில போட்டு விடுதேன். பேரும் அறுவத்தி மூணும்... சிரிக்காதீங்கம்மா, எங்களுக்குக் காகிதமே தீப்பெட்டிதான்... சரி. கட்டில்லயே கட்டித் தொங்க விட்டுருங்க.

“மத்த ஆளுகளையா... ஆமா, சாயந்திரம் திரும்ப எண்ணச் சொல்லுதேன். முதல்ல, சுகமா இருக்கும்போது எம்புட்டு எண்ணுவீங்கன்னு கேப்பேன், பெறகுதான் எண்ணச் சொல்லுவேன். பேசுதவனைப் பேசாம இருக்கச் சொல்லுவேன். நீல நகத்துக்குச் சோப்பு போடுவேன்... ஏலே, முருகா, வண்டியை நிறுத்து. இந்தப் பெட்டியை அண்ணாச்சி சட்டைப் பையில போடு. கீழ விழாம உள்ள போடு... போட்டாச்சா... ஜன்னலைத் திற, ரெண்டு பக்கமும் திற. ஓட்டு, ஓட்டு. குழியில இறக்கிராத.”

வேன் குலுங்கிக்கொண்டு கிளம்பியது. கரிசல் புழுதி எழும்பி வாசலை மறைத்தது. புழுதிக்குள் ஒரு கை வெளியே நீண்டு, ஆள்காட்டி விரலை ஆட்டியது. எண்ணிக் காட்டினாரா, டாட்டா காட்டினாரா, தெரியவில்லை.

“கிளம்பியாச்சும்மா. ரெண்டு மணி நேரத்துல வந்துருவாவ. வாசல்லயே சிலிண்டரை வச்சிருங்க... பிழைச்சுருவாவளா டாக்டரம்மா... இல்ல, சொல்ல முடியாதுன்னா சொல்ல வேண்டாம்... நேரத்துல பிடிச்சுட்டோமா... நெசமாவா... நாளைக்கு வரைக்கும் விட்டிருந்தா... வேண்டாம், அதைச் சொல்லாதீங்க. நேரத்துல பிடிச்சோம்னு சொன்னீங்கள்லா, அது போதும். அதைக் கேட்டுட்டு இன்னிக்குச் சோறு திம்பேன். அப்புறம்மா, கடைசியா ஒண்ணு. அவிய எண்ணி முடிச்சதும் சிரிச்சுக்கிட்டே, நல்லாயிட்டு, விடுங்கன்னு கேப்பாவ. அம்பது வந்தாலும் விடாதீங்க. அறுவது வந்தாலும்... ஹலோ... ஹலோ... டாக்டரம்மா... ஹலோ... எக்ஸ்சேஞ்சா? ஏம்மா, லைனை வெட்டிட்டியா... நீ வெட்டலையா, அதுவா போயிட்டா... திரும்பப் போட முடியாதா... அப்போ நீ கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா... எல்லாத்தையுமா... பரவாயில்லம்மா, நல்லதாப் போச்சு. ஏம்மா அழுத... அட, அழாதம்மா. ஒரு உபகாரம் செய். லைன் கெடைச்சதும் டாக்டரம்மாட்ட சொல்லிரு. அறுவத்தி மூணு. எழுதிக்கிட்டியா... அறுவத்தி ரெண்டு எண்ணினாலும் வீட்டுக்கு விட வேண்டாம்னு சொல்லு... யாரு அவியன்னா கேக்குத... நம்ம ஆளுதாம்மா. லாபம்னு ஆரம்பிச்சா, அது அவியதான்.”